39 வயதில் ஆட்டிசம் என்று தெரிந்தது: பல முறைகளைச் சேர்த்துத் தரும் ஒருங்கிணைந்த கவுன்சிலிங் எனக்கு ஏற்றதா?

கொழுந்துக்கணக்கு (கோத்தகிரி)

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியை ஒட்டிய ஒரு ஹட்டியில் (படுகர் சிற்றூர்) வசிக்கிறேன், வயது 39. தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். சென்ற ஆண்டு கோவையில் மனநல மருத்துவர் ஒருவரும் மருத்துவ உளவியலாளர் ஒருவரும் மதிப்பீடு செய்து, எனக்கு ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் (கவனக்குறைவு, மிகைஇயக்கக் குறைபாடு) சேர்ந்தே இருப்பதாக எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு முன்பு பல ஆண்டுகளாகப் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் மட்டுமே மாத்திரை சாப்பிட்டு வந்தேன்.

மதிப்பீட்டின்போது என் குழந்தைப் பருவத்தைப் பற்றி அம்மாவிடம் கேட்டார்கள். அம்மாவுக்குப் படுக மொழியில்தான் விவரமாகப் பேச வரும் என்பதால், அக்கா உடன் வந்து தமிழில் எடுத்துச் சொன்னார். ஹெத்தையம்மன் பண்டிகையில் ஊரே கூடி ஆடும்போது நான் மட்டும் விறகுக் கொட்டகையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்பதை அம்மா அன்றுதான் ஒரு தகவலாகச் சொன்னார். வீட்டில் அதுவரை அது எல்லோரும் சிரிக்கும் கதையாகவே இருந்தது.

பச்சைத் தேயிலைக் கணக்கில் என்னிடம் யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் மாதந்தோறும் விவசாயிகளுக்கு இலைப் பணம் பட்டுவாடா செய்யும் நாளில், ஒருவர் விலையைக் கேட்க, இன்னொருவர் ஈரத்துக்காகக் கழித்த கிலோவைக் கேட்க, மூன்றாமவர் முன்பணத்தைப் பிடித்தது ஏன் என்று கேட்க, பின்னால் இலையை வாடவைக்கும் தொட்டியின் மின்விசிறி இரைச்சலும் சேர்ந்துகொள்ள, எதிரில் நிற்பவரின் குரல் காதில் விழுந்தாலும் அவர் சொல்வது என்ன என்பது பிடிபடாமல் போகிறது. பதில் சொல்லாமல் நிற்பதைத் திமிர் என்கிறார்கள். அன்று இரவு வீட்டில் யாரோடும் பேச முடியாது. மறுநாளும் உடம்பு எழாது.

இதற்காகத்தான் ஓர் ஆலோசகரிடம் போகத் தொடங்கினேன். தாம் ஒருங்கிணைந்த முறையில் ஆலோசனை தருவதாகச் சொன்னார். முதலில் மூச்சுப் பயிற்சி நடந்தது. அடுத்த அமர்வில் எண்ணங்களை எழுதும் தாள் ஒன்றைக் கொடுத்தார். அதற்கடுத்த அமர்வு முழுவதும் என் அப்பாவைப் பற்றிய பேச்சாகப் போனது. அன்பானவர், அதில் குறை இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் வேறொரு இடத்தில் இறக்கிவிடப்படுவது போல உணர்கிறேன். ஒருங்கிணைந்த முறை என்பது இப்படித்தான் இருக்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

எமரால்டு_மூடுபனி (உதகை)

வணக்கம் அக்கா. எனக்கு 34 வயதில் ஆட்டிசம் என்று தெரிந்தது. இப்போது வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை செய்கிறேன். ஒரே ஒரு கேள்விதான்: முறையை மாற்றும்போது ஏன் மாற்றுகிறார் என்பதை உங்கள் ஆலோசகர் உங்களிடம் சொன்னாரா? என்னுடைய முதல் ஆலோசகர் சொன்னதே இல்லை. நான் கேட்டதும் இல்லை. அடுத்தவர் ஒவ்வோர் அமர்வின் தொடக்கத்திலும், இன்று எதைப் பற்றிப் பேசப்போகிறோம், எவ்வளவு நேரம், முடிவில் என்ன கையில் இருக்கும் என்பதை வெள்ளைத் தாளில் எழுதி மேசைமேல் வைத்துவிடுவார். இருவரும் ஏறத்தாழ ஒரே நுட்பங்களைத்தான் பயன்படுத்தினார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

மேல்குன்னூர் (உளவள ஆலோசகர்)

வணக்கம். நான் இந்தத் துறையில் இருப்பவள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-இல் எழுதிய கட்டுரையில், ஆலோசகர் எதிரில் இருப்பவரை நிபந்தனையின்றி மதிப்பதும், அவருடைய இடத்தில் நின்று உணர்வதும், உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாமல் இருப்பதும் மாற்றத்துக்கு இன்றியமையாதவை என்றார். 1960-களில் ஆரோன் பெக் எண்ணங்களையும் செயல்களையும் நேரடியாக எடுத்து ஆராயும் முறையை உருவாக்கினார். அதைத்தான் இன்று சிபிடி (அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை) என்கிறோம். கடந்த காலத்தில் உருவான உறவுமுறைகள் இன்றும் எப்படித் தொடர்கின்றன என்று பார்க்கும் மரபு ஃபிராய்டிலிருந்து வருவது. இவற்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளாமல், வந்திருப்பவரின் தேவைக்கேற்பச் சேர்த்துப் பயன்படுத்துவதே ஒருங்கிணைந்த ஆலோசனை. சேர்ப்பதற்கும் ஒரு நியாயம் இருக்க வேண்டும். அது இல்லாமல் வாரத்துக்கு ஒன்று என்று எடுத்துக் கொடுத்தால், அதற்கு எந்தப் பெயர் வைத்தாலும் அது ஒருங்கிணைப்பு ஆகாது.

அந்த நியாயத்தை நீங்கள் சோதித்துப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஆலோசகருக்கும் வருபவருக்கும் இடையிலான கூட்டுறவில் மூன்று கூறுகள் இருப்பதாக எட்வர்ட் போர்டின் 1979-இல் சொன்னார்: எதை நோக்கிப் போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்காக என்ன செய்கிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பிணைப்பு. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் பிணைப்பு இருக்கிறது. முதலிரண்டும் இன்னும் பேசப்படவில்லை என்று தோன்றுகிறது. "என் சிக்கல் எப்படி உருவானது, எதனால் நீடிக்கிறது என்று நீங்கள் நினைப்பதை ஒரு தாளில் வரைந்து காட்ட முடியுமா?" என்று கேளுங்கள். தேர்ந்த ஆலோசகர் மகிழ்ச்சியோடு வரைவார். தவறாக இருந்தால் திருத்தச் சொல்வார். கேட்டதற்காகவே கோபித்துக்கொள்பவரிடம் தொடர வேண்டியதில்லை.

இனி, தாமதமாகக் கண்டறியப்பட்டவர்களுக்கு வருவோம். இங்கே எந்த முறை என்பதைவிட, அந்த முறை எந்த வடிவில் தரப்படுகிறது என்பதே பெரிய கேள்வி என்பது என் கருத்து. ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கு சிபிடியை எப்படி மாற்றித் தர வேண்டும் என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சில பரிந்துரைகள் உள்ளன: அமர்வு தெளிவான கட்டமைப்போடு இருக்க வேண்டும், எழுத்தும் படமும் கூடுதலாக வேண்டும், எண்ணங்களை மாற்றுவதைவிட நடைமுறைகளை மாற்றுவதிலிருந்து தொடங்க வேண்டும், உருவகப் பேச்சையும் "இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்" போன்ற கற்பனைக் கேள்விகளையும் குறைக்க வேண்டும், இடையிடையே ஓய்வு தர வேண்டும், அவருக்கு ஆழ்ந்த ஈடுபாடுள்ள துறையைப் பேச்சுக்குள் கொண்டுவர வேண்டும். உங்கள் விஷயத்தில் கணக்கேட்டின் வடிவத்திலேயே ஒரு நாளின் களைப்பை வரவு செலவாக எழுதச் சொல்லலாம். உங்களுக்கு அது இயல்பாக வரும்.

மூச்சுப் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பலருக்கு உதவும் பயிற்சிதான். ஆனால் உடலின் உட்புற உணர்வுகளை மிகக் கூர்மையாகவோ மிக மங்கலாகவோ உணரும் சிலருக்கு, மூச்சைக் கவனி என்றாலே பதற்றம் கூடும். அப்படிக் கூடினால் அதை அங்கேயே சொல்லுங்கள். கனமான கம்பளியைப் போர்த்திக்கொள்வதோ, நடந்துகொண்டே பேசுவதோ அதே வேலையைச் செய்யக்கூடும். அதேபோல, "எப்படி உணர்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு உடனே விடை வராதவர்கள் உண்டு. தம் உணர்ச்சி எது என்று இனங்காண்பதில் உள்ள இந்தத் தடையை அலெக்சிதைமியா என்பார்கள். ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இது காணப்படுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. அவர்களிடம் தாடை இறுகியிருக்கிறதா, தோள் எங்கே இருக்கிறது, பசித்ததா என்று உடம்பிலிருந்து தொடங்க வேண்டும்.

எண்ணங்களை எழுதும் தாளில்தான் எனக்கு மிகுந்த எச்சரிக்கை தேவைப்படுகிறது. "என்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைக்கிறார்கள்" என்று நீங்கள் எழுதினால், வழக்கமான சிபிடி அந்த எண்ணத்துக்கு ஆதாரம் உண்டா என்று கேட்கும். பிறர் மனத்தை நாமே ஊகித்துக்கொள்கிறோம் என்று சொல்லும். ஆனால் உங்களிடம் நேராகவே அப்படிச் சொல்லியிருக்கிறார்கள் அல்லவா? உண்மையில் நடந்ததை எண்ணப் பிழை என்று சொன்னால், சிறு வயதிலிருந்து "உனக்குத்தான் அப்படித் தோன்றுகிறது" என்று கேட்டுப் பழகியவருக்கு அது இன்னொரு அடி. டேமியன் மில்டன் 2012-இல் முன்வைத்த இரட்டைப் பரிவுச் சிக்கல் என்ற கருத்து இங்கே உதவும்: ஆட்டிசம் உள்ளவர் மற்றவரைப் புரிந்துகொள்ளத் தடுமாறுகிறார் என்றால், மற்றவரும் அவரைப் புரிந்துகொள்ளத் தடுமாறுகிறார், தடுமாற்றம் இரு பக்கமும் உண்டு. ஆகவே பட்டுவாடா நாளில் ஆராய வேண்டியது பணம் கொடுக்கும் இடத்தின் ஏற்பாட்டைத்தான். உங்கள் எண்ணத்தை அல்ல.

அப்பாவைப் பற்றிய பேச்சும் தேவையற்றது என்று சொல்லமாட்டேன். தாமதமாகத் தெரிந்தவர்கள் தம் வாழ்க்கை முழுவதையும் திரும்பப் படித்துப் பார்க்கிறார்கள். அதில் நிம்மதியும் வருகிறது, முன்பே தெரிந்திருந்தால் என்ற துக்கமும் கோபமும் வருகின்றன. அதற்கு இடம் வேண்டும். ஆனால் உடம்பு எழ முடியாத களைப்பில் இருப்பவரிடம் பழைய காயத்தைத் திறப்பதற்கு முன், களைப்பைக் குறைக்கும் வேலை நடந்திருக்க வேண்டும் என்பது என் நடைமுறை.

அறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் ஊர்க் குளிரில் ஹீட்டரின் இரைச்சல், மினுக்கும் டியூப் லைட், சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் ஆகியவை ஓர் அமர்வையே வீணாக்கப் போதுமானவை. அவற்றை அணைக்கச் சொல்லலாம். கண்ணைப் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயமும் இல்லை. ஏடிஹெச்டியும் இருப்பதால், வீட்டுப்பாடமாகத் தரும் தாளை மறந்துவிட்டு வருவீர்கள். அதை ஒத்துழையாமை என்று எடுத்துக்கொள்ளும் ஆலோசகருக்கு இந்தத் துறையில் இன்னும் படிக்க வேண்டியது இருக்கிறது.

பழைய_தலைமையாசிரியர் (உதகை)

அம்மா, உங்கள் துன்பத்தைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். பள்ளிப் பணியில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில் ஓர் ஐயத்தை எழுப்ப விரும்புகிறேன். மறதியும், கூட்டத்தைக் கண்டால் ஒதுங்குவதும், சத்தம் பிடிக்காமல் போவதும் யாரிடம்தான் இல்லை? அன்று நாங்கள் ஒரு பையனை அமைதியானவன் என்போம், இன்னொருவனைத் துறுதுறுப்பானவன் என்போம். அவர்களும் வளர்ந்து குடும்பம் நடத்துகிறார்கள். இன்று கைப்பேசியில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு எனக்கும் இதுதான் என்று சொல்பவர்கள் பெருகிவிட்டார்கள். பட்டத்தை ஒட்டிக்கொண்டால் முயற்சி குறைந்துவிடாதா என்பதே என் கவலை.

பீளமேடு_மருத்துவர் (மனநல மருத்துவர், கோவை)

ஐயாவின் கேள்வி நியாயமானதுதான். அதனால்தான் இந்தக் கண்டறிதலுக்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறார்கள். மறதி எல்லோருக்கும் உண்டு. ஏடிஹெச்டி என்று எழுத வேண்டுமானால், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேட்டின்படி, பல அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். வீடு, வேலை போன்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தென்பட வேண்டும். வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும். அதற்காகத்தான் பழைய மதிப்பெண் அட்டையைக் கொண்டுவரச் சொல்கிறோம். ஆசிரியர் எழுதிய குறிப்புகளைப் படிக்கிறோம். அம்மாவிடமோ மூத்த சகோதரரிடமோ பேசுகிறோம். தூக்கம், தைராய்டு, இரத்தச்சோகை ஆகியவற்றையும் பார்த்துவிடுகிறோம். இணையத்தில் கிடைக்கும் ஏடிஹெச்டிக்கான ஆறு கேள்வி ஏஎஸ்ஆர்எஸ் படிவமும், ஆட்டிசத்துக்கான ஐம்பது கேள்வி ஏக்யூ படிவமும் மருத்துவரைப் பார்க்க வேண்டுமா என்று தீர்மானிக்க உதவும்; அவற்றைக் கண்டறிதலாகக் கொள்ளக் கூடாது. காணொளியும் அப்படித்தான்.

அப்படியானால் இத்தனை பேர் ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறார்கள்? அதற்கும் காரணம் உண்டு. மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் ஆட்டிசம் பற்றி 1944-இல் ஜெர்மன் மொழியில் எழுதியது, 1981-இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் லோர்னா விங் அதைப் பற்றி எழுதிய பிறகே ஆங்கிலம் படிக்கும் மருத்துவர்களிடையே பரவியது. 1994-இல் வந்த முந்தைய கையேடு, ஆட்டிசம் உள்ளவருக்கு ஏடிஹெச்டி என்று சேர்த்து எழுத அனுமதிக்கவில்லை. அந்தத் தடை 2013-இல்தான் நீங்கியது. இந்த இழையைத் தொடங்கியவர் பள்ளியில் படித்த காலத்தில், அவருக்கு இருந்த இரண்டையும் ஒருசேர எழுத எந்த மருத்துவருக்கும் வழி இருந்திருக்காது. அதிலும் அமைதியாக, நன்றாகப் படிக்கும் பெண் பிள்ளையை யாரும் மருத்துவரிடம் அழைத்துவருவதில்லை. பிறரைப் பார்த்துப் பார்த்து நடிக்கக் கற்றுக்கொள்கிறாள். அந்த நடிப்பின் களைப்பு முப்பதுகளில் மனச்சோர்வாக எங்களிடம் வந்து சேர்கிறது.

முயற்சி குறையுமா என்ற கேள்விக்கு என் அனுபவத்தில் விடை வேறு. இவர்களில் பெரும்பாலோர் அளவுக்கு மீறி முயன்று களைத்தவர்கள்.

கொழுந்துக்கணக்கு

எல்லோருக்கும் நன்றி. மேல்குன்னூர் அம்மா சொன்ன தாளை அடுத்த அமர்வில் கேட்கிறேன்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அக்கா மகனுக்கு 16 வயது. உதகையில் விடுதியில் தங்கிப் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். அவனிடம் என்னையே பார்க்கிறேன். விடுமுறைக்கு வந்தால் இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வருவதில்லை. என்னுடைய ஆலோசகரிடமே அவனையும் அழைத்துப் போகலாம் என்று அக்கா நினைக்கிறார். அது சரியா? அவன் சொல்வதை எல்லாம் ஆலோசகர் தன்னிடம் சொல்லிவிடுவார் என்றும் அக்கா எதிர்பார்க்கிறார்.

கூடலூர்_தந்தை

சகோதரி, என் மகனுக்கு 15 வயது, டிஸ்லெக்சியா (எழுத்தைப் படிப்பதிலும் எழுதுவதிலும் தடை). முந்தைய பள்ளியில் சோம்பேறி என்றே ஐந்தாம் வகுப்பு வரை ஓட்டிவிட்டார்கள். எங்கள் குடும்பம் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். இன்னும் எஸ்டேட் லைன் வீட்டில்தான் இருக்கிறோம். ஆன்லைனில் கவுன்சிலிங் ஏற்பாடு செய்தோம். ஆனால் லைன் வீட்டில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் இருமினால்கூட இந்தப் பக்கம் கேட்கும். அந்த வீட்டுப் பையனும் இவனும் ஒரே வகுப்பு. இவன் கேமரா முன்னால் உட்கார்ந்து "ஒன்றுமில்லை, நல்லா இருக்கேன்" என்பதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. உதகைக்கு நேரில் போனால் ஒரு நாள் கூலி போய்விடுகிறது. மழைக்காலத்தில் பாதையில் மண் சரிந்தால் அதுவும் இல்லை. எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது?

மேல்குன்னூர்

அண்ணா, முதலில் உங்களுக்கு. பையன் பேசவில்லை என்பதைவிட, பேச இடம் இல்லை என்பதே சரி. எழுத்துவழி அமர்வு என்று ஒன்று உண்டு. ஆலோசகரும் அவனும் தட்டச்சு செய்தே உரையாடுவது. டிஸ்லெக்சியா இருப்பதால் அது அவனுக்குச் சுமையாகலாம். அப்போது குரல் அழைப்பில், காதில் ஹெட்செட்டோடு, வெளியே நடந்தபடி பேசலாம். தேயிலைக்குள் யானையும் காட்டெருமையும் வரும் பகுதி உங்களுடையது என்பதால் பகலில், பாதையோரமாக மட்டும். பள்ளியில் ஓர் ஆசிரியர் மனம் வைத்தால் மதிய இடைவேளையில் நூலக அறையைத் தருவார். ஆலோசகரைச் சந்திக்க முடியாத நாட்களில் மனம் மிகவும் தளர்ந்தால், மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது, 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். தொடர்ந்து ஒரே ஆலோசகரிடம் பேசுவதற்கு அது ஈடாகாது என்றாலும், அவசரத்துக்கு உதவும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் எந்த நாளில் எந்த அரசு மருத்துவமனைக்கு வருகிறார்கள் என்று கூடலூர் மருத்துவமனையில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கோத்தகிரி சகோதரிக்கு. ஒரே ஆலோசகர் சித்தியையும் அக்கா மகனையும் பார்ப்பதை நான் தவிர்க்கவே சொல்வேன். அவன் உங்களைப் பற்றிப் பேச வேண்டியிருக்கலாம். நீங்கள் அவனைப் பற்றிப் பேச வேண்டியிருக்கலாம். ஒருவரிடம் கேட்டதை மற்றவரிடம் கேட்காததுபோல் நடந்துகொள்வது எவ்வளவு தேர்ந்தவருக்கும் கடினம். மலையூரில் வேறு ஆளே கிடைக்காத நிலை உண்டு என்பதும் எனக்குத் தெரியும். அப்போது எதைக் கலக்கமாட்டோம் என்பதை மூவரும் உட்கார்ந்து பேசி எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

இரகசியம் பற்றி அக்காவிடம் இப்போதே பேசிவிடுங்கள். 18 வயதுக்குக் கீழ் என்பதால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். அதோடு பையனுடைய சம்மதமும் வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருப்பேன். இழுத்துவரப்பட்ட பதினாறு வயதுப் பையனோடு எந்த முறையும் எடுபடாது. முதல் அமர்வில் பெற்றோரையும் உட்காரவைத்து, எது வெளியே போகும், எது போகாது என்று அவன் எதிரிலேயே சொல்லிவிட வேண்டும். அவன் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் பெற்றோருக்குச் சொல்வேன். பாலியல் துன்புறுத்தல் நடந்திருப்பதாகத் தெரிந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது என் கடமை. அதை மறைக்க எனக்கு உரிமை இல்லை. மற்றவை அவனுடையவை. அக்காவுக்கு வேண்டுமானால், அவனையும் வைத்துக்கொண்டு அவ்வப்போது ஒரு பொது உரையாடல் நடத்தலாம்.

இளையவர்களிடம் முறையும் மாறும். நீங்கள் வாழ்க்கையைத் திரும்பப் படிக்கிறீர்கள். அவனுக்கு இன்னும் திரும்பிப் பார்க்க அதிகம் இல்லை. விடுதியில் விளக்கு அணைக்கும் நேரம், உணவுக்கூடத்தின் இரைச்சல், யார் பக்கத்தில் உட்காருவது என்பவைதான் அவனுடைய நாள். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். விடுமுறையில் இரண்டு நாள் அறைக்குள் இருப்பதைக் குறையாகப் பார்க்காமல், விடுதியில் கிடைக்காத ஓய்வை எடுத்துக்கொள்கிறான் என்று பார்க்கச் சொல்லுங்கள். இதற்காகவே உடனே மதிப்பீட்டுக்கு ஓட வேண்டியதில்லை. அவனுக்குத் தொல்லையாக இருப்பது எது என்று முதலில் அவனையே கேட்கட்டும்.

ஆலோசகரைத் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கழகமான ஆர்சிஐயில் பதிவு இருக்க வேண்டும்; எண்ணைக் கேட்கலாம். கவுன்சிலர் என்று பலகை வைப்பதற்கு மருத்துவர் பதிவைப் போன்ற கட்டாயப் பதிவு நம் நாட்டில் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை; துணை மருத்துவ, நலவாழ்வுத் தொழில்களுக்கான 2021-ஆம் ஆண்டின் சட்டம் அதற்கான வாசலைத் திறந்திருக்கிறது. ஆகவே எங்கே படித்தார், யாரிடம் தம் பணியைக் காட்டி ஆலோசனை பெறுகிறார், ஆட்டிசம் உள்ள பெரியவர்களோடு பணிபுரிந்திருக்கிறாரா என்று வெளிப்படையாகவே கேளுங்கள். ஆட்டிசத்தைக் குணமாக்குகிறேன் என்று யாராவது சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள்.

பழைய_தலைமையாசிரியர்

மருத்துவரின் விளக்கத்துக்கு நன்றி. காணொளி பற்றிய என் கவலை அப்படியே இருக்கிறது. ஆனாலும் கூடலூர் அன்பருக்கு நான் பயன்படக்கூடும். டிஸ்லெக்சியா உள்ள மாணவருக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. தேர்வு நெருங்கும்போது ஓடினால் சான்றிதழ் கிடைப்பதற்குள் நாள் கடந்துவிடும். ஒன்பதாம் வகுப்பிலேயே தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பத்தைத் தொடங்கிவிடுங்கள், ஐயா. உங்கள் மகன் இப்போது எந்த வகுப்பு என்று எழுதினால், படிவங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

எமரால்டு_மூடுபனி

சான்றிதழ் பற்றிப் பேச்சு வந்ததால்: 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முன்பு ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக்கியது. ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் உண்டு. ஏடிஹெச்டி தனி வகையாக இல்லை. பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைபாடு 40 சதவீதம் என்று சான்று வேண்டும். ஆட்டிசத்துக்கு ஐசா என்ற 40 கேள்வி அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். சரளமாகப் பேசி, வேலைக்குப் போகும் எங்களைப் போன்றவர்கள் அதில் குறைந்த மதிப்பெண்தான் பெறுவோம். அதனால் சான்றிதழ் கிடைக்காவிட்டால் கண்டறிதலே பொய் என்று மனம் உடைந்துவிடாதீர்கள், அக்கா. மேலாளரிடம் கேட்க வேண்டியதைச் சான்றிதழ் இல்லாமலும் கேட்கலாம். ஆட்டிசம் என்று சொல்லித்தான் கேட்க வேண்டும் என்பதும் இல்லை. எனக்கு எழுத்தில் வந்தால் பிழையில்லாமல் முடியும் என்று சொன்னாலே என் அலுவலகத்தில் போதுமானதாக இருந்தது.

கொழுந்துக்கணக்கு

நடந்ததை எழுதுகிறேன். ஆலோசகரிடம் தாளைக் கேட்டேன். கோபிக்கவில்லை. எனக்கு எது பொருந்தும் என்று பார்க்கவே ஒவ்வொன்றாக முயன்றதாகவும், அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றும் சொன்னார். இருவருமாகச் சேர்ந்து பட்டுவாடா நாளை நடுவில் வைத்து வரைந்தோம். மூச்சுப் பயிற்சியை விட்டுவிட்டோம். அப்பாவைப் பற்றிய பேச்சைத் தள்ளிவைத்தோம், அடியோடு விடவில்லை.

தொழிற்சாலையிலும் ஒரு மாற்றம். விவசாயிகளுக்கு டோக்கன் கொடுத்து ஒவ்வொருவராக அனுப்பலாம் என்றும், ஈரத்துக்காகக் கழித்த கணக்கையும் முன்பணத்தையும் முந்தைய நாளே துண்டுச்சீட்டில் எழுதி இலை ஏஜென்டுகளிடம் கொடுத்துவிடலாம் என்றும் மேலாளரிடம் கேட்டேன். டோக்கனுக்கு ஒப்புக்கொண்டார், சீட்டுக்குத் தாள் செலவு என்கிறார். இந்த மாதம் டோக்கனோடு நடந்தது. களைப்பு இருந்தது, ஆனால் மறுநாள் வேலைக்குப் போக முடிந்தது. அக்கா மகனிடம் அக்கா இன்னும் பேசவில்லை.

மருத்துவரிடம் ஒரு கேள்வி: ஏடிஹெச்டிக்கு மெத்தில்ஃபெனிடேட் தொடங்கலாம் என்று என் மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஐப்பசி, கார்த்திகையில் மலைப்பாதை அடைபட்டால், வீடியோ வழியாகச் சீட்டு வாங்கிக்கொள்ள முடியுமா?

பீளமேடு_மருத்துவர்

முடியாது. மெத்தில்ஃபெனிடேட், கடும் கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளைப் பட்டியலிடும், மருந்துச் சட்ட விதிகளின் எக்ஸ் அட்டவணையில் உள்ள மருந்து. 2020-ஆம் ஆண்டின் தொலைமருத்துவ வழிகாட்டுதல், அந்த அட்டவணையில் உள்ளவற்றைத் தொலைவழியில் எழுதிக்கொடுக்கத் தடை விதிக்கிறது. நேரில் வந்துதான் சீட்டு வாங்க வேண்டும். எல்லா மருந்துக்கடைகளிலும் இருப்பு வைப்பதும் இல்லை என்பதால், கோத்தகிரியிலோ குன்னூரிலோ எந்தக் கடையில் கிடைக்கிறது என்று தொடங்குவதற்கு முன்பே விசாரித்து வையுங்கள்.

அடாமாக்செட்டின் என்ற இன்னொரு மருந்து அந்தத் தடைப் பட்டியலில் இல்லை. ஆனால் அதன் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இரண்டில் எது என்பதை உங்கள் இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, இப்போது சாப்பிடும் மனச்சோர்வு மாத்திரை ஆகியவற்றைப் பார்த்து உங்கள் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். சில மனச்சோர்வு மாத்திரைகள் அடாமாக்செட்டினின் அளவை உடலில் கூட்டிவிடும். மழை வலுக்கும் முன் ஒருமுறை நேரில் போய், பாதை அடைபட்டால் என்ன செய்வது என்பதையும் அப்போதே பேசி எழுதி வாங்கிவிடுங்கள்.